பங்குனியில் கடல் அடங்கியிருக்கும்

சதுரங்கப்பட்டினம்
27-10-1976

அன்புள்ள அம்மாவுக்கு உன் மகள் வச்சலா எழுதிக்கொள்வது. நானும் குழந்தை சியாமளாவும் அவரும் அத்தையும் நலம். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? சடையப்பன் ஐயாவையும் விசாரித்ததாகச் சொல். நீ அவரைக் கல்யாணம் செய்துகொண்டு இத்தனை வருஷமாகியும் அவரை என்ன முறை சொல்லி விசாரிப்பது என்று எனக்குப் பிடிபடவில்லை.

தீபாவளி நல்லபடியாகப் போயிற்று. உனக்கு எழுத வேண்டியது வேறு ஒன்று இருக்கிறது. எழுதலாமா கூடாதா என்று ஒரு மாதமாக யோசனை. மகாளய அமாவாசை அன்று அத்தை இரண்டு இலை போட்டார்கள். ஒன்று அப்பாவுக்கு, இன்னொன்று உனக்கு. "சம்பந்தி வூட்ல ஆம்பளப் புள்ள இல்ல, நாம செஞ்சாத்தான் உண்டு" என்று எல்லா வருஷமும் செய்கிறவர்கள்தான். இந்த வருஷம், "உங்கம்மாவுக்கு இன்னாம்மா புடிக்கும்" என்று என்னைக் கேட்டார்கள். கருணைக்கிழங்கு மசியல் என்று வாயில் வந்துவிட்டது. செய்து வைத்துக் கும்பிட்டார்கள். அவர்கள் நல்லவர்கள் அம்மா. நல்லவர்களாக இருப்பதால்தான் கஷ்டம். இதைச் சொல்வதற்கு எனக்கு உன்னைத் தவிர யாரும் இல்லை, அதனால் உனக்கே எழுதுகிறேன். கோபித்துக்கொள்ளாதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். அணுமின் திட்டத்தில் இவரோடு வேலை பார்க்கும் பக்தவத்சலம் போன கோடையில் அரசாங்கப் பயணச் சலுகையான எல்.டி.சி. எடுத்துக்கொண்டு குடும்பத்தோடு அந்தமான் போய்வந்தார். படங்களைக் கொண்டுவந்து காட்டினார். அன்றிலிருந்து இவருக்கும் அதே நினைவு. அட்லஸை விரித்து, "இதோ பார் போர்ட் பிளேர், இங்கேதான் கப்பல் நிற்கும்" என்று எனக்குக் காட்டினார். உன் கடிதத்தில் பத்து வருஷமாகப் பார்க்கிற பெயரை முதல்முறை பார்ப்பதுபோல் குனிந்து பார்த்தேன்.

எந்த மாதத்தில் மழை இருக்காது, என்ன திருவிழா நடக்கும், எப்போது போனால் நன்றாகச் சுற்றிப் பார்க்கலாம் என்று விசாரிக்கச் சொல்லியிருக்கிறார். நான் யாரை விசாரிப்பேன்? உன்னைத்தான். வரவேண்டாம் என்று நீ எழுதினால் எதையாவது சொல்லித் தட்டிவிடுகிறேன். ஆறு வருஷத்துக்கு முன் தேசப்பன் மாமா உன் மறுகல்யாணத்தை மறைக்கப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "தாய் தகப்பன் இல்லாத பொண்ணு" என்று சொல்லி என்னைக் கட்டிக்கொடுத்தார். நீயும் "அப்படியே இருக்கட்டும்" என்று எழுதினாய். அந்த முதல் வருஷத்தில் நான் அவரிடம் உண்மையைச் சொல்லியிருந்தால் அது மாமா சொன்ன பொய்யாகப் போயிருக்கும். இப்போது அது என் பொய்.

பதிலை வழக்கம்போல் நான் வேலை பார்க்கும் பள்ளிக்கூட விலாசத்துக்கே போடு.

உன் மகள்
வச்சலா


போர்ட் பிளேர்
19-11-1976

என் கண்ணான வச்சலாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் கப்பல் தபாலில் வந்து ஆஸ்பத்திரியில் கிடைத்தது. வார்டில் நின்றுகொண்டே படித்தேன். "ஆயாம்மா, ஊர்ல எதனா கெட்ட சேதியா" என்று ஒரு நர்ஸ் கேட்டாள். இல்லை, நல்ல சேதிதான் என்றேன்.

எனக்கு இலை போட்டதைப் படித்து முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் உன் மாமியார் கையால் ஒரு வாய் சாப்பிடக் கொடுத்துவைக்கவில்லையே என்று இருந்தது. மறுநாள் கடைத்தெருவில் கருணைக்கிழங்கு கண்ணில் பட்டது, வாங்கிவந்து மசித்தேன். நாக்கு அரித்தது. இங்கத்திய கிழங்கே அப்படித்தான்.

வரவேண்டாம் என்று எழுதுவேனா? பத்து வருஷமாயிற்று உன்னைப் பார்த்து. பாவாடை தாவணியில் செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷனில் நின்ற உன்னைத்தான் எனக்குத் தெரியும். நீ எழுதுகிற ஒவ்வொரு கடிதத்தையும் அந்தப் பெண் எழுதுவதாகத்தான் படிக்கிறேன்.

இப்போது வராதே. இன்னும் மழை விடவில்லை. வைகாசியில் பிடித்தால் கார்த்திகை வரைக்கும் துணி காயாது. ஆவணியில் மலையாளத்துக்காரர்கள் ஓணம் கொண்டாடுவார்கள், எங்களுக்கும் இலை போடுவார்கள். புரட்டாசியில் வங்காளிகள் துர்க்கை அம்மனை வைத்து இரண்டு மூன்று நாள் ஊரையே தூக்கிவிடுவார்கள். ஆனால் அதெல்லாம் சேற்றில் நடந்துகொண்டே பார்க்க வேண்டியது. குழந்தையோடு வருகிறவளுக்குச் சரிப்படாது. கிறிஸ்துமஸுக்கு, காட்டு வேலைக்கு வந்த ராஞ்சிக்காரர்கள் மத்தளம் அடித்து ஆடுவதைச் சியாமளா பார்த்தால் தூங்கமாட்டாள், ஆனால் அப்போது கப்பல் தள்ளாடும். தை, மாசி நல்ல மாதம்தான். எல்லாவற்றையும்விடப் பங்குனி. பங்குனியில் கடல் அடங்கியிருக்கும், அடியில் கிடக்கிற கல்கூடத் தெரியும். அப்போதுதான் முருகன் கோயிலில் உத்திரம். மதுரைக்காரன், ராமநாதபுரத்துக்காரன், நம் பக்கத்து ஆள் எல்லாரும் காவடி எடுப்பார்கள். தெலுங்குக்காரர்களும் வங்காளிகளும் வந்து தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். காலும் காலும் மிதிபடுகிற கூட்டம்.

அந்தக் கூட்டம்தான் எனக்கு வேண்டும். அதில் ஒரு பொம்பளை ஒரு குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றால் யார் கவனிக்கப்போகிறார்கள்? நீ சியாமளாவுக்குச் சிவப்பு ரிப்பன் கட்டிக் கூட்டிவா. நான் கோயில் குளத்துப் பக்கம் நிற்கிறேன். பக்கத்தில் வரமாட்டேன். உன் வீட்டுக்காரர் முகத்தையும் ஒருதரம் பார்த்துக்கொள்கிறேன்.

இதை எங்கள் வீட்டுக்காரரிடம் சொன்னேன். ஃபெர்ரிக்குப் போகக் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தவர் அப்படியே நின்றார். "இன்னாத்துக்கு மறைஞ்சி நின்னு பாக்கணும்? நீ இன்னா திருடினியா? வூட்டுக்குக் கூட்டினு வரச் சொல்லு. உயிரோட கீற பொம்பளைய செத்துட்டான்னு சொல்லிகினு கீறாங்க, நீயும் ஆமான்னு தலையாட்டிகினு கீற" என்றார். கடப்பாக்கத்து வாய், தெரியும் அல்லவா. ஃபெர்ரி என்ஜினோடு கத்திக் கத்தி மெதுவாகப் பேசவும் மறந்துவிட்டது. அவர் சொன்னதை நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

பங்குனிக்கு வா.

அம்மா
சம்பூர்ணம்


சதுரங்கப்பட்டினம்
24-1-1977

அன்புள்ள அம்மாவுக்கு,

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்துவிட்டது. உன் கடிதத்தில் இருந்ததையெல்லாம் பக்தவத்சலத்தின் மனைவி சொன்னதாக அவரிடம் ஒப்பித்தேன். மழை, ஓணம், துர்க்கை பூஜை, கடலுக்கு அடியில் தெரியும் கல் எல்லாம். அவர் படம் வரைகிற வேலையில் இருப்பவர் இல்லையா, ஒரு தாளில் பன்னிரண்டு மாதத்துக்கும் கட்டம் போட்டு, மழைக்கு நீலமும் திருவிழாவுக்குச் சிவப்பும் தீட்டிச் சுவரில் ஒட்டிவிட்டார். பங்குனிக் கட்டம் மட்டும் முழுக்கச் சிவப்பு. மார்ச் கடைசியில் கப்பலுக்குச் சொல்லியாகிவிட்டது. அத்தைக்குக் கப்பல் என்றாலே பயம், வரவில்லை.

அம்மா, நீ கூட்டத்தில் ஒளிந்து நின்று பார்ப்பதை நினைத்தால் எனக்குத் தூக்கம் வரவில்லை. அதனால் நான் ஒரு காரியம் செய்துவிட்டேன். கோபித்துக்கொள்ளாமல் படி. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் எங்கம்மாவோடு வேலை செய்த ஒருவர் அங்கே இருக்கிறார், பெயர் தெய்வநாயகி, எனக்குப் பெரியம்மா மாதிரி என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "முன்னாடியே சொல்லக்கூடாதா? ஓட்டல்ல சாப்பிட்டுக் கஷ்டப்படாம ஒருவேளையாவது வீட்டுச் சாப்பாடு கிடைக்குமே" என்றார்.

ஆக, நாங்கள் உன் வீட்டுக்கே வருவோம். நீ தெய்வநாயகி பெரியம்மாவாக இருக்க வேண்டும். சியாமளாவைத் தூக்கலாம், சோறு ஊட்டலாம், யாரும் எதுவும் நினைக்கமாட்டார்கள். நான் உன்னை "நீங்க" என்றுதான் கூப்பிடுவேன். அவரை "தம்பி" என்று கூப்பிடு, வாய்தவறி "மாப்பிள்ளை" என்று வந்துவிடப் போகிறது. என்னைப் பார்த்ததும் அழுதுவிடாதே. நீ அழுதால் நான் தாங்கமாட்டேன், எல்லாம் அங்கேயே உடைந்துவிடும். சடையப்பன் ஐயாவிடமும் நீதான் பக்குவமாகச் சொல்ல வேண்டும்.

உன்னால் முடியுமா என்று எழுது.

வச்சலா


போர்ட் பிளேர்
15-2-1977

என் கண்ணான வச்சலாவுக்கு,

முடியும். ஏன் முடியாது? ஆறு வருஷமாகச் செத்தவளாக இருக்க முடிந்தவளுக்குப் பத்து நாள் தெய்வநாயகியாக இருக்க முடியாதா? வேடிக்கைக்குத்தான் எழுதினேன், வருத்தப்படாதே.

என் புதுப் பெயரைக் கேட்டு இங்கே வீட்டில் சண்டை. "எனுக்கு அந்தப் பேரு வாயில வராது. நான் ஆறு தீவுக்கும் போட்டு ஓட்டிகினு இருந்துட்றேன், நீங்க நடத்துங்க நாடகத்த" என்று கோபித்துக்கொண்டு வெளியே போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு மூங்கில் கட்டில் செய்யச் சொல்லிவிட்ட சீட்டு. சியாமளாவுக்காம். ஆகவே நீ அவரைப் பற்றிக் கவலைப்படாதே.

என்னென்ன செய்யலாம் என்று நான் யோசித்து வைத்திருக்கிறேன். கப்பல் வருகிற அன்று ஓய்வு. தலை சுற்றல் நிற்க ஒருநாள் ஆகும். மறுநாள் சாத்தம் தீவில் மரம் அறுக்கிற மில், மாப்பிள்ளை, இல்லை, தம்பி பார்க்க விரும்புவார். அப்புறம் வெள்ளைக்காரன் கட்டின பழைய ஜெயில். அதற்குக் குழந்தையைக் கூட்டிப்போக வேண்டாம், என்னிடம் விட்டுவிட்டுப் போங்கள். உத்திரத்தன்று விடியலிலேயே கோயிலுக்குப் போய்விட வேண்டும். இங்கே நாலரை மணிக்கெல்லாம் வெளுத்துவிடும், அதேபோல் சாயங்காலம் சீக்கிரமே விளக்கேற்ற வேண்டும். எனக்கு இந்த ஊரில் பழகாத ஒன்று அதுதான். பொழுது சீக்கிரம் போய்விடும், ஆனால் ராத்திரி மட்டும் போகாது.

உத்திரத்துக்கு மறுநாள் கடலில் குளிக்கப் போகலாம். பக்கத்து வீட்டு வங்காளிப் பெண்ணுக்கு அந்த வாரம் கல்யாணம் வைத்திருக்கிறார்கள், அதற்கும் உங்களை அழைத்திருக்கிறார்கள். "யார் வருகிறார்கள்" என்று கேட்டார்கள். சிநேகிதியின் மகள் என்றேன். முதல்முறை வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னேன். இரண்டாம் முறை முகத்தைப் பார்த்தே சொல்லிவிட்டேன்.

சியாமளாவுக்கு ஒரு கவுன் தைக்கிறேன். தோளிலிருந்து முழங்கால் வரைக்கும் ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்பு. அவள் எதை விரும்பிச் சாப்பிடுவாள், எதைக் கண்டால் பயப்படுவாள், எல்லாம் எழுது.

அம்மா


சதுரங்கப்பட்டினம்
6-3-1977

அன்புள்ள அம்மாவுக்கு,

நூல் வைத்திருக்கிறேன். முடிச்சுப் போட்ட பக்கம் தோள். அவளுக்குச் சுறாப்புட்டு பிடிக்கும், பால் பிடிக்காது. இடி இடித்தால் பயம். புதியவர்களிடம் உடனே போகமாட்டாள், கட்டாயப்படுத்தாதே.

தேர்தல் வேலைக்கு என் பெயரையும் எழுதிவிட்டார்கள். நல்லவேளை, கப்பலுக்கு முன்பே முடிந்துவிடும். நேற்று மாசி மகத்துக்கு மாமல்லபுரம் போனோம். கடற்கரை முழுக்க இருளர் ஜனங்கள் புடவையால் குடில் கட்டி இறங்கியிருந்தார்கள். ஒரு குடிலில் ஒரு தாயும் மகளும் ஒரே சட்டியில் சாப்பிட்டுக்கொண்டு எதற்கோ சிரித்தார்கள். பார்த்துக்கொண்டே நின்றுவிட்டேன். "வா, கூட்டத்துல தொலைஞ்சிடப்போற" என்று அவர் கையைப் பிடித்து இழுத்தார்.

வேறு எழுத நேரமில்லை. இனி நேரில்.

வச்சலா


சதுரங்கப்பட்டினம்
24-4-1977

அன்புள்ள அம்மாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தோம். திரும்பும்போது கடல் குளம்போல இருந்தது. உன் ஊறுகாயையும் கருவாட்டையும் அத்தைக்குக் கொடுத்தேன்.

எவ்வளவு நன்றாக நடந்தது பார்த்தாயா? நான் பயந்ததுபோல் ஒன்றும் ஆகவில்லை. நீ கப்பல் துறையில் "வாம்மா" என்று ஒரே வார்த்தை சொல்லிக் குழந்தையின் பையை வாங்கிக்கொண்டாயே, அப்போதே எனக்குத் தைரியம் வந்துவிட்டது. உன் முகம் கொஞ்சம் இளைத்திருக்கிறது. சடையப்பன் ஐயா உன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடாமல், எதற்கெடுத்தாலும் "இந்தாம்மே" என்றே ஒப்பேற்றியதை நினைத்து நினைத்துச் சிரிக்கிறேன்.

இவர் தினம் உன் பேச்சுத்தான் பேசுகிறார். காவடி வரிசையில் நின்று குழந்தையைத் தோளில் ஏற்றிக்கொண்டது, வங்காளிக் கல்யாணத்தில் சீராக வந்த மீனுக்குப் புடவை கட்டிவைத்திருந்தது, எல்லாவற்றையும் ஆபீசில் சொல்லியாகிவிட்டது. சியாமளா உன் கவுனைக் கழற்றமாட்டேன் என்கிறாள். நீயும் அவளும் கடற்கரையில் நிற்கும் படத்தை அத்தை பார்த்து, "யாரு இந்தம்மா, நல்ல களையா கீறாங்க" என்றார்கள்.

அம்மா, இப்போது நான் சொல்வதைக் கேள். அவரே உன்னிடம் எங்கள் வீட்டு விலாசத்தைக் கொடுத்து, "கடிதம் போடுங்க பெரியம்மா" என்றார் அல்லவா? இனி வீட்டுக்கே எழுது. தெய்வநாயகி பெரியம்மா என்று எழுது. பள்ளிக்கூடத்துக்கு வேண்டாம். புதிதாக வந்திருக்கும் தலைமையாசிரியை யாருக்கு எங்கிருந்து கடிதம் வருகிறது என்று புரட்டிப் பார்க்கிறார். வீட்டுக்கு வந்தால் எல்லாரும் படிப்போம். ஒளிக்க வேண்டியதில்லை. இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை நாங்கள் வரலாம், நீகூட இங்கே வரலாம். உனக்கும் எனக்கும் இதைவிட நல்ல வழி கிடைக்குமா? யோசித்துப் பார்.

வச்சலா


போர்ட் பிளேர்
12-5-1977

என் கண்ணான வச்சலாவுக்கு அம்மாவின் ஆசீர்வாதம்.

உன் கடிதம் வந்தது. நீங்கள் போன அன்றிலிருந்து வீடு ஒரு மாதிரி இருக்கிறது. மூங்கில் கட்டிலை எடுத்து வெளியில் போடலாம் என்றால் எங்கள் வீட்டுக்காரர் விடவில்லை. மழை ஆரம்பித்துவிட்டது.

யோசித்துப் பார் என்று எழுதியிருக்கிறாய், யோசித்தேன். அதற்குமுன் உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்ல வேண்டும்.

உத்திரத்துக்கு மறுநாள் நீயும் குழந்தையும் தண்ணீரில் நின்றீர்கள். நானும் மாப்பிள்ளையும் தென்னை மரத்தடியில் உட்கார்ந்திருந்தோம். ஆமாம், வாய்தவறி மாப்பிள்ளை என்றுதான் ஒருமுறை கூப்பிட்டுவிட்டேன். "அப்படியே கூப்பிடுங்க பெரியம்மா, என்னை அப்படிக் கூப்பிட ஆளே இல்ல" என்றார். அப்புறம் மணலைக் கிளறிக்கொண்டே கேட்டார்.

"ஒண்ணு கேக்கணும் பெரியம்மா. வச்சலா அவங்கம்மாவைப் பத்திப் பேசவே மாட்டா. நான் கேட்டா எழுந்து போயிடுவா. நீங்க கூட வேலை செஞ்சவங்க. அவங்க எப்படி இறந்தாங்க? கடைசியில ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?"

நான் என்ன சொல்வேன் சொல். இப்படிக் கேட்பார் என்று நீயும் எனக்குச் சொல்லித்தரவில்லை. "கஷ்டப்படல தம்பி. ஒருநாள் டியூட்டி முடிஞ்சி கிளம்பினா. வழியனுப்பக்கூட ஆளில்ல, பொண்ணு மட்டும் வந்து நின்னுச்சி. அந்தப் பொண்ணு முகத்தையே பார்த்துகினு போயிட்டா. அதோட சரி" என்றேன். நான் செங்கல்பட்டு ஸ்டேஷனில் ரயிலேறியதைத்தான் சொன்னேன். அதைவிட்டால் எனக்கு வேறு சாவு தெரியாது. அவர் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெற்ற பிள்ளை அழுததுபோல் இருந்தது.

அவர் அழுதது பொறுக்காமல் என் கதையைச் சொன்னேன். புருஷன் செத்த பிறகு மகளைப் படிக்கவைக்க ஆஸ்பத்திரி வேலைக்குப் போனது, இந்தத் தீவுக்கு வந்தது, இங்கே இவரைக் கட்டிக்கொண்டது. மகள் இப்போது எங்கே என்று கேட்டார். நல்ல இடத்தில் இருக்கிறாள் என்றேன். "நீங்க செஞ்சது சரி பெரியம்மா. எங்க மாமியாரும் இப்படி ஒரு துணையைத் தேடியிருந்தாங்கன்னா இவ்வளவு சீக்கிரம் போயிருக்கமாட்டாங்க. இருந்திருந்தா நாங்க வந்து வந்து பார்த்திருப்போம்" என்றார்.

அன்று விளக்கேற்றியதும் சாப்பிட உட்கார்ந்தபோது இதே வார்த்தையை உன் முன்னாலும் சொன்னார். உனக்கு நினைவிருக்கும். "நம்ம அம்மாவும் பெரியம்மா மாதிரி செஞ்சிருக்கலாம் இல்ல வச்சலா? யாரும் ஒண்ணும் தப்பா நினைச்சிருக்கமாட்டோமே" என்று உன்னைப் பார்த்துக் கேட்டார். எங்கள் வீட்டுக்காரர் சோற்றில் கை வைத்தபடி உன்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கதவு திறந்துகிடந்தது வச்சலா. நீ ஒரு அடி வைத்திருந்தால் போதும். நீ தலையைத் தூக்கவே இல்லை. குழந்தைக்கு மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தாய். அதில் முள்ளே இல்லை, நான்தான் முன்பே எடுத்துவிட்டு வைத்தேன்.

உன்னைக் குற்றம் சொல்வதற்காக இதை எழுதவில்லை. உன் பயம் எனக்குத் தெரியும். நீ குடும்பம் நடத்துகிறவள், நான் கடலுக்கு இந்தப் பக்கம் இருக்கிறவள். ஆனால் அன்றைக்கு ஒன்று தெரிந்துகொண்டேன். இத்தனை வருஷமும் அவர்களுக்குப் பயந்துதான் நீ என்னை மறைக்கிறாய் என்று நினைத்திருந்தேன். அவர்கள் ஏற்றுக்கொண்டால்கூட நீ என்னை வெளியே எடுக்கமாட்டாய். நான் மறைந்திருப்பது உனக்குப் பழகிவிட்டது.

சரி, நீ சொன்னபடியே செய்கிறேன். வீட்டு விலாசத்துக்கே எழுதுகிறேன். ஆனால் இரண்டு பேராகவும் என்னால் இருக்க முடியாது. அந்தப் பத்து நாளில் நான் நன்றாகவே நடித்தேன் என்கிறாய். ராத்திரியில் படுத்தால், இந்தப் பக்கம் என் மகள், அந்தப் பக்கம் என் பேத்தி, நடுவில் யார் படுத்திருப்பது என்று எனக்கே புரியவில்லை. அதனால் இதுதான் பள்ளிக்கூட விலாசத்துக்கு நான் எழுதும் கடைசிக் கடிதம். குழந்தையைப் பார்த்துக்கொள். உடம்பைக் கவனி. உன் கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறது, இரும்புச் சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிடு.

அம்மா
சம்பூர்ணம்


போர்ட் பிளேர்
20-6-1977

சிரஞ்சீவி மூர்த்திக்கும் சௌபாக்கியவதி வச்சலாவுக்கும் தெய்வநாயகி ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் எங்கள் வீட்டுக்காரரும் நலம். அங்கே நீங்களும் உங்கள் தாயாரும் குழந்தை சியாமளாவும் நலமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

நீங்கள் வந்துபோனது எங்களுக்கு மிகவும் சந்தோஷம். நீங்கள் எடுத்த படங்கள் வந்தன. இங்கே மழை பலமாக இருக்கிறது. ஆவணியில் ஓணம், அதற்கப்புறம் துர்க்கை பூஜை வரும். அடுத்தமுறை வருவதானால் தை மாதத்தில் வரலாம், குடியரசு தின அணிவகுப்பும் பார்க்கலாம். குழந்தை நன்றாகப் படிக்கிறாள் என்று நினைக்கிறேன். உங்கள் தாயாருக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இப்படிக்கு
தெய்வநாயகி


சதுரங்கப்பட்டினம்
29-7-1977

அம்மா,

நீ கடைசியாக எழுதியதற்குப் பிறகு இது நான் எழுதும் மூன்றாவது கடிதம். பள்ளிக்கூடத்துக்குப் பதில் இல்லை. தபால்காரர் என்னைத் தூரத்தில் பார்த்ததுமே தலையை ஆட்டிவிடுகிறார்.

தெய்வநாயகியின் கடிதம் மட்டும் வீட்டுக்கு வருகிறது. அவர் சத்தமாகப் படிக்கிறார், அத்தை வெற்றிலை போட்டுக்கொண்டே கேட்கிறார்கள், சியாமளா தன் பெயர் வருகிறதா என்று காத்திருக்கிறாள். எல்லாருக்கும் சந்தோஷம். நான் அடுப்படியில் நின்றுகொண்டு கேட்கிறேன். அதில் என் அம்மா பேசுவது ஒரு வரிகூட இல்லை. அக்கம்பக்கத்தாரை விசாரிப்பதுபோல் என்னை விசாரிக்கிறாய். கடிதம் முடிந்ததும் அவர் மடித்து அலமாரியில் வைக்கிறார். அவர் வேலைக்குப் போன பிறகு எடுத்துத் தேடித்தேடிப் பார்க்கிறேன். நான் கேட்டபடிதான் நீ செய்திருக்கிறாய். எனக்குத்தான் இது இப்படி இருக்கும் என்று தெரியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை திருக்கழுக்குன்றம் மலை ஏறினோம். உச்சி வேளையில் கழுகு வந்து குருக்கள் கையில் வாங்கிச் சாப்பிட்டுவிட்டுப் போயிற்று. இறங்கும்போது சியாமளா படியில் சறுக்கி விழுந்து "அம்மா" என்று கத்தினாள். என்னைத்தான் கூப்பிட்டாள். நான் ஓடிப்போய்த் தூக்காமல் ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டேன். அந்த வார்த்தையைச் சொல்லிக் கூப்பிட எனக்கு எங்கேயும் இடமில்லையே என்று தோன்றியது.

ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

வச்சலா


சதுரங்கப்பட்டினம்
21-8-1977

திருமதி சம்பூர்ணம் அவர்கள்,
சடையப்பன் வீடு,
போர்ட் பிளேர்.

அம்மா,

நலம். இது தபால் கார்டு என்பதால் சுருக்கமாக எழுதுகிறேன். நீ என்னைப் பெற்ற தாய். அப்பா இறந்தபின் செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் வேலை செய்து என்னைப் படிக்கவைத்தாய். நீ உயிரோடுதான் இருக்கிறாய். பங்குனியில் நாங்கள் வந்து தங்கியது உன் வீட்டில்தான். தெய்வநாயகி என்று யாரும் இல்லை. அந்தப் பெயர் நான் வைத்தது. ஆரம்பத்தில் மாமா சொன்ன பொய், இத்தனை வருஷம் காப்பாற்றியது நான். இதில் உன் தப்பு எதுவும் இல்லை.

இதை வாயால் சொல்ல எத்தனையோ நாள் அவர் எதிரில் உட்கார்ந்துவிட்டு எழுந்து வந்திருக்கிறேன். எழுதத்தான் வருகிறது. அவர் இப்போது கடைத்தெருவுக்குக் கிளம்புகிறார், சட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். இந்தக் கார்டை அவர் கையிலேயே கொடுத்துத் தபாலில் போடச் சொல்லப்போகிறேன். அவர் எதையும் படிக்காமல் போடமாட்டார்.

இது உன் கைக்கு வந்து சேர்ந்தால், அவர் போட்டார் என்று தெரிந்துகொள்.

உன் மகள்
வச்சலா